வீடு தேடி வந்த ஓட்டு

1

போன வாரம் காலையில் கதவைத் தட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஒரு டேப்லெட், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கனடாவின் இந்த வின்னிபெக்கில் அக்டோபர் குளிரில் வாசலில் நின்று அப்படிச் சிரிக்கிறவர்கள் ஒன்று தேர்தல் வேலைக்கு வந்திருப்பார்கள், இல்லை கடவுளைப் பற்றிச் சொல்ல வந்திருப்பார்கள். இவள் தேர்தல். எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு நிற்கும் ஒரு பெண்மணிக்காக வந்திருந்தாள்.

"இந்த வீட்டில் மாற்றுத்திறனாளிகள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள். எங்கள் வேட்பாளர் அவர்களுக்காக நிறையத் திட்டம் வைத்திருக்கிறார் என்றாள்.

"இருக்கிறாளே, என் தங்கை" என்றேன், யோசிக்காமல்.

"அவர்களோடு பேசலாமா?"

"இப்போது முடியாது. வெளியே போயிருக்கிறாள்."

அதைச் சொன்னபோது எனக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! அந்தப் பெண் விடவில்லை. எப்போது வருவார்கள், சாயங்காலம் வரட்டுமா என்று கேட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தங்கை இருப்பது சென்னையில், அபிராமபுரத்தில், இந்தத் தேர்தலில் அவளுக்கு ஓட்டு கிடையாது என்று விளக்கிச் சொன்னேன். அந்தப் பெண் பாவம், தலையைத் தலையை ஆட்டினாள். அவள் கண் மட்டும் கீழேயே இருந்தது. அவள் பார்த்தது என் வாக்கரை. முட்டி மாற்று அறுவைக்குப் பிறகு இரண்டு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். கேள்வியே என்னைப் பற்றித்தான். நான்தான் அசடு மாதிரி சமுத்திரம் தாண்டிப் போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போகும்போது ஒரு நோட்டீஸ் கொடுத்தாள். நடைபாதைப் பனியை, கார் ஓடும் சாலைப் பனியை அள்ளுவதற்கு முன்னால் அள்ள வேண்டும். பஸ் நிறுத்தங்களில் சக்கர நாற்காலி ஏறும்படி பனியை வழிக்க வேண்டும். குறுக்குத் தெருக்களின் ஓரங்களைச் சரிவாக்க வேண்டும். நல்ல நல்ல விஷயங்கள்தான். கடைசியாக அவள் பரிவோடு சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. "நீங்கள் சிரமப்பட்டு வரவே வேண்டாம். தபாலில் ஓட்டுச்சீட்டு வீட்டுக்கே வரும்."

வேண்டாம் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் பயந்துபோய் இரண்டு படி பின்னால் நகர்ந்தாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது, வீடு தேடி வரும் ஓட்டு எங்கள் குடும்பத்தில் என்ன பாடு படுத்திவிட்டுப் போயிருக்கிறது என்று.

2

என் தங்கை பெயர் மங்கை. இரண்டு வயதில் போலியோ. இரண்டு காலிலும் இரும்புக் காலிப்பர் மாட்டி அக்குள் கட்டை ஊன்றி நடப்பாள். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றே ஓய்ந்தவர். அவர் வாங்கிய அபிராமபுரம் வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறாள். மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. அப்போது அதெல்லாம் யாருக்குத் தோன்றியது?

அரசாங்கம் ஊனமுற்றவர்களுக்கு எஸ்.டி.டி. பூத் ஒதுக்கிய காலத்தில் மங்கைக்கும் ஒன்று கிடைத்தது. தெருமுனையில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டி. ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். துபாய்க்குப் பேச வருகிறவர்கள், அமெரிக்காவுக்குப் பேச வருகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசிவிட்டு அழுதுகொண்டே வெளியே வருகிறவர்கள், எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெருவுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். அதனாலேயே அவளை எல்லாருக்கும் பிடிக்கும். "எஸ்.டி.டி. அக்கா" என்றால் மந்தைவெளி வரைக்கும் தெரியும்.

நான் கல்யாணமாகிக் கிளம்பி வந்த முதல் குளிர்காலத்தில் அந்தப் பூத்துக்குத்தான் கூப்பிடுவேன். பின்னால் பஸ் ஹாரன், பூக்காரி சத்தம், யாரோ சில்லறைக்குச் சண்டை போடுவது எல்லாம் கேட்கும். மங்கை பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம் ஆளாளுக்குக் கையில் ஃபோன் வந்தது. பூத்தை மூடினார்கள். மங்கை மாடி ஏறினாள். அம்மாவும் போன பிறகு அவள் மட்டும். வருடம் போகப் போகத் தோள்பட்டை தேய்ந்து, கட்டை ஊன்ற முடியாமல் போனது. வீட்டுக்குள்ளே ஒரு பழைய வீல்சேர். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போக ஒரு அம்மா வருவார். அவ்வளவுதான்.

என் கதையும் கிட்டத்தட்ட அதுதான், நான் சக்கரத்தில் இல்லை என்பதைத் தவிர. கணவர் போய் ஆறு வருடம். மகன் அருண் வான்கூவரில். தங்கமான பிள்ளை, குறை சொல்லக் கூடாது. அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் அங்கிருந்தே அவன் ஃபோனில் தட்டுவான், இங்கே வாசலில் வந்து இறங்கும். கொண்டு வருகிறவன் பையை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் போய்விடுவான். "நீ எதுக்கும் வெளியே போக வேண்டாம்மா" என்பான் அருண். பேத்தி திரையில் வந்து "ஹாய் பாட்டி" என்பாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் இல்லை, எனக்கு அவள் பேசும் வேகத்துக்கு ஆங்கிலம் இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருப்போம்.

அதனால் என் நாளில் ஆள் குரல் என்றால் மங்கைதான். எனக்குக் காலைக் காப்பி, அவளுக்குச் சாயங்காலம். முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். "வேற எங்க போகப்போறேன், சொல்லு" என்பாள்.

3

இந்தக் கோடையில் அங்கே சட்டமன்றத் தேர்தல் வந்ததே, அப்போது வேட்பாளர் மங்கை வீட்டு மாடியேறி வந்தார். கட்சி பெயரெல்லாம் வேண்டாம். யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது வீடியோவில் இருந்தேன். மங்கை ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்திருந்தாள். "அக்கா, நீ பாட்டுக்கு இரு, குறுக்கே பேசாதே" என்று எனக்கு உத்தரவு.

வேட்பாளரை அழைத்து வந்தவன் செல்வம். தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன், கட்சியிலும் இருக்கிறான். மங்கை என்றால் உயிர். "தலைவரே, இதான் நம்ம எஸ்.டி.டி. அக்கா. இந்தத் தெருவுல இவங்க சொன்னா அப்பீலே கிடையாது" என்றான்.

வேட்பாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தரையில் உட்காரப் போனவரை மங்கை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் தன் வாக்குறுதிகளைச் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை வீடு தேடி வரும். ரேஷன் வீடு தேடி வரும். டாக்டர் வீடு தேடி வருவார். பேட்டரி வீல்சேர் வீடு தேடி வரும்.

"ஓட்டுக்கூட வீட்டுக்கே வந்து வாங்கிக்கிறாங்கம்மா இப்ப. நீங்க எங்கயும் அலைய வேண்டாம்" என்று முடித்தார்.

மங்கை பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் ஆரம்பித்தாள். "எல்லாம் வீட்டுக்கு வருது, சரி சார். நான் வீட்டை விட்டு வெளியே வர்றதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"புரியலம்மா."

"கீழே இறங்கினா நடைபாதை. பைக் ஏறக் கூடாதுன்னு அதுல கம்பி நட்டிருக்காங்க. பைக் இன்னும் ஏறுது. என் வீல்சேர்தான் ஏறல. பஸ் ஸ்டாப்புக்குப் போக முடியாது. பேங்குல நாலு படி. கோயில் வாசல்ல ஒசரமா கல்லு. இதுக்கெல்லாம் ஏதாவது சொன்னீங்கன்னா கேட்டுக்கறேன்."

"நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதாம்மா..."

"எனக்குக் கொஞ்சம் கஷ்டப்படணும் சார். ஒரு நாளாவது கியூல நிக்கணும், வெயில்ல திட்டிக்கிட்டே நிக்கணும்."

செல்வம் கடகடவென்று சிரித்துவிட்டான். வேட்பாளர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது. அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று கேட்டார். மருந்துக்கடை வாசல் என்றாள். எழுந்து கும்பிட்டுவிட்டு, படியிறங்கும்போது செல்வத்திடம், "அக்காவுக்கு வேண்டிய வசதியைப் பண்ணிக் குடுத்துடு" என்றார்.

அங்கேதான் வினை.

4

மங்கைக்குத் தேர்தல் நாள் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஓட்டு வந்த புதிதில் அப்பா ரிக்‌ஷா வைத்து அழைத்துப் போவார். பிறகு ஆட்டோ. பக்கத்துத் தெரு பள்ளிக்கூடம்தான் ஓட்டுப் போடும் பூத். போலீஸ்காரர் பார்த்ததும் "நீங்க முன்னாடி போங்கம்மா" என்பார். போக மாட்டாள். "நான் கியூலயே வரேன் சார்." அந்தக் கியூதான் அவளுக்குத் திருவிழா. முன்னால் நிற்கிறவளுக்கு எத்தனை பிள்ளை, பின்னால் நிற்கிறவருக்கு எந்த ஊருக்கு மாற்றல், எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் உள்ளே போய்விடுவாள். விரலில் மையோடு திரும்பி வந்து எனக்குக் கூப்பிட்டு, யார் யார் வந்திருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்வாள். எஸ்.டி.டி. பூத்தை மூடின பிறகு அவள் தெருவைப் பார்ப்பது அநேகமாக அன்றைக்கு மட்டும்தான்.

வேட்பாளர் வந்துபோன மறுநாள் செல்வம் தண்ணீர் கேனோடு ஒரு காகிதமும் கொண்டு வந்தான். "பூத்துல உனுக்கு வசதி பண்றதுக்குதான்க்கா, ஒரு கையெழுத்து போடு" என்றான். மங்கையின் கண்ணாடி உள் அறையில் இருந்தது. அதற்காக நாற்காலியைத் திருப்பி, வாசற்படி இடித்து, போய் எடுத்து வர வேண்டும். தோள் வலி வேறு. செல்வம்தானே என்று போட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்து வாசலில் அதிகாரிகள். கையில் ஓட்டுப்பெட்டி, மறைப்புக்கு மடக்கும் அட்டை, வீடியோ எடுக்க ஒருவர், கூட ஒரு போலீஸ். "மங்கைங்கறது நீங்கதானேம்மா? வீட்டிலிருந்தே ஓட்டுப் போடக் கேட்டிருக்கீங்க."

கேட்கவில்லை என்று மங்கை சொன்னாள். கையெழுத்து இருக்கிறதே என்றார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. தன்மையாகப் பேசினார்களாம். இன்னொரு முறை வருவோம், அப்போதும் போடாவிட்டால் அவ்வளவுதான், பெயருக்கு நேரே குறி போட்டாயிற்று, பூத்திலும் போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செல்வம் சேதி கேட்டு ஓடி வந்தான். "வசதின்னா இதான்னு நெனச்சேன்க்கா. நீ படி எறங்கி அவஸ்தப்பட வேணாமேன்னு..." தூக்கம் கெட்டு யார் யாரையோ போய்ப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

நான் மங்கையிடம் கத்தினேன். "அவங்க மறுபடி வரும்போது போட்டுத் தொலையேன்! ஓட்டு ஓட்டுதானே. வீட்டுல போட்டா செல்லாதா?"

"செல்லும்" என்றாள். "அக்கா, பணம் வீட்டுக்கு வருது. அரிசி வருது. மருந்து வருது. இப்ப ஓட்டும் வந்து போகுது. நான் மட்டும் எங்கயும் போறதில்ல. முடியாமக் கட்டில்ல கிடக்கறவங்களுக்கு அது தெய்வம் மாதிரி, நான் இல்லேங்கல. எனக்கு முடியும். என்னை ஏன் படுக்க வெக்கறாங்க?"

என் வாசலில் அன்றைக்கு வந்து இறங்கிய பை இன்னும் பிரிக்காமல் கிடந்தது.

இரண்டாம் முறை வந்தபோதும் அவள் போடவில்லை.

5

தேர்தல் அன்று எனக்கு விடிகாலை, அங்கே வெயில் தாழ்ந்த நேரம். வீடியோ அழைப்பு வந்தது. மங்கை பட்டுக் கரை போட்ட நூல் புடவை கட்டி, பூ வைத்திருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட? உனக்குத்தான் ஓட்டு இல்லையே!"

"வா, காட்டறேன்" என்றாள்.

செல்வமும் மருந்துக்கடைக்காரரும் அவளை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனாள். வாசலில் வீல்சேர் வைத்திருந்தார்கள். உள்ளே ஃபோன் கொண்டுபோகக் கூடாது. என்னைச் செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டு மங்கை போனாள்.

ஆக, அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க நானும் செல்வமும். தெருமுனையில் கட்சி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஃபோனை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு நேர்முக வர்ணனை கொடுத்தான். "அக்கா கியூவுல நின்னுகினுகீது... போலீசு முன்னாடி போச் சொல்லுது, அக்கா மாட்டேங்குது... பூக்காரம்மா கட்டிப் புடிச்சிக்கிச்சு... அயன்காரர் வந்துட்டாரு." எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மதில், ஒரு வேப்பமரம், போய்வரும் முதுகுகள். ஆனால் சத்தம் கேட்டது. "எஸ்.டி.டி. அக்கா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். "அடிப்பாவி, நீ இன்னும் இருக்கியா!" என்று இன்னொரு குரல். அந்தப் பழைய ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவே நின்றேன்.

திடீரென்று செல்வம் ஃபோனைத் தன் முகத்துக்குத் திருப்பினான். கண் கலங்கியிருந்தது. "நல்லதுன்னு நெனச்சிதான்க்கா பண்ணேன். இப்புடி ஆவும்னு இன்னா கண்டேன்?"

"தெரியும்ப்பா" என்றேன்.

உள்ளே என்ன நடந்தது என்று மங்கை பிறகு சொன்னாள். அவள் முறை வந்தது. அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டார். "அம்மா, உங்களுக்குத் தபால் ஓட்டுன்னு குறி இருக்கு. இங்க போட முடியாதே."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா இவ்ளோ நேரம் கியூல வந்தீங்க?"

"கியூல வரத்தான் சார் வந்தேன்."

வெளியே வந்ததும் ஃபோனை வாங்கி, ஆள்காட்டி விரலை எனக்கு நேரே நீட்டினாள். மை இல்லாத வெறும் விரல். சிரித்துக்கொண்டுதான் காட்டினாள். அப்புறம் வாய் கோணியது. நானும் அழுதேன், அவளும் அழுதாள். நடுவில் செல்வம், "டீ சொல்லட்டாக்கா?" என்றான்.

6

அந்த வேட்பாளர் ஜெயித்துவிட்டார். பள்ளிக்கூடத்துச் சேதி அவர் காதுக்கும் போயிருக்கிறது. ஆகஸ்டில் பேட்டரி வீல்சேர் வந்தது, வீடு தேடித்தான். செல்வம் ஆட்களோடு அதை மாடிக்கு ஏற்றப் பார்த்தான். மங்கை மேலிருந்து, "ஏய், அதை ஏன்டா ஏத்தற? ஹால்ல இருந்து அடுப்படிக்குப் போகவா? கீழயே வை" என்றாள்.

"கீழ வெச்சா நீ எப்புடிக்கா..."

"அது உன் கவலை. வசதி பண்ணித் தர்றேன்னு சொன்னவன் நீதானே?"

மோட்டார் ரூம் பக்கத்தில் வண்டிக்கு இடம். தினம் சாயங்காலம் கேன் போட்டு முடித்ததும் செல்வமும் ஒரு துணையாளும் வந்து மங்கையை இறக்குவார்கள், எட்டு மணிக்கு ஏற்றுவார்கள். மருந்துக்கடை வாசல் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த ஒன்று மட்டும்தான். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அதனால் நடைபாதை தீர்ந்ததும் ரோட்டிலேதான் ஓட்டுகிறாள், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில். கேட்டால், "எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க, நானும் அடிக்கறேன். ஹாரன் வெச்சிருக்கான் இதுல" என்பாள். மயிலாப்பூர் குளக்கரை வரைக்கும் போய்விட்டு வந்தாளாம். வங்கிப் படிக்குச் சரிவு கேட்டு, அவளும் இன்னும் இரண்டு பேரும் மனு கொடுக்கப் போகிறார்களாம்.

நான் வேண்டாத தெய்வம் இல்லை, இவள் வெளியே போக வேண்டும் என்று. போகிறாள். ஆனால் அவள் வெளியே போகும் அந்த நேரம்தான் என்னுடைய காலைக் காப்பி நேரம். முதல் வாரம், "அக்கா, அப்புறம் பேசட்டா? இங்க கூட்டமா இருக்கு" என்றாள். இப்போதெல்லாம் பாதி நாள் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. திரும்பக் கூப்பிடும்போது எனக்கு மத்தியானம். அவளுக்குத் தூக்கம் கண்ணைச் செருகும். இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வீடு மட்டும் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

7

இன்றைக்கு இங்கே தேர்தல். தபால் ஓட்டு வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் வீராப்பாகச் சொன்னேனே, போய்த்தானே ஆக வேண்டும்? காலை எட்டு மணிக்கே கிளம்பினேன். இரண்டு ஸ்வெட்டர், கோட்டு, வாக்கர். இரவு விழுந்த முதல் பனி நடைபாதையில் மெல்லிசாகக் கிடந்தது. மங்கை நினைப்பில் நடந்தேன். யாராவது முன்னால், யாராவது பின்னால் நிற்பார்கள், இரண்டு வார்த்தை பேசலாம் என்றுகூட ஒரு நப்பாசை.

சமூகக்கூடத்தில் வாசல்வரைக்கும் சரிவு. ஒரு பொத்தானைத் தொட்டால் கதவு தானே திறக்கிறது. உயரம் குறைவான மேஜை, பூதக்கண்ணாடி, உட்கார நாற்காலி, ஒன்றுக்கும் குறைவில்லை. அங்கே வரிசையே இல்லை. தரையில் வரிசைக்கு ஒட்டிய பட்டை மட்டும் வளைந்து வளைந்து போனது. யாரும் இல்லாத அந்தப் பட்டையை மீறத் தோன்றாமல் அதன்மேலேயே வளைந்து வளைந்து நடந்தேன். மேஜையில் இருந்தவர் நேராகவே வரலாம் என்றார். பரவாயில்லை என்றேன். பனியை முதலில் அள்ளுகிறேன் என்ற அந்தப் பெண்மணிக்கே போட்டேன். நன்றி என்றார்கள். நானும் நன்றி என்றேன். இங்கே விரலில் மை வைக்கும் வழக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மங்கைக்குக் கூப்பிட்டேன். கியூவில் யார் யார் வந்திருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்பாள். ஏதாவது கதை கட்டிச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். முன்னால் ஒரு கிழவர், பின்னால் ஒரு பிள்ளைத்தாச்சி.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது.

அங்கே ஏழரை மணி. இன்னும் செல்வம் அவளை மேலே ஏற்றியிருக்க மாட்டான். மருந்துக்கடை வாசலில் பூக்காரியோடு பேசிக்கொண்டிருப்பாள். ஃபோன் பையில் கிடக்கும், தெருச் சத்தத்தில் கேட்டிருக்காது.

இரு மங்கை, மெதுவாகவே வா. காப்பியைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் வேறு எங்கே போகப்போகிறேன்?